பாண் பிசைந்த நாவலாசிரியை

ஆங்கில நாவலாசிரியை வேர்ஜினியா வூல்ஃப் அம்மையாரின் நிழற்படம் ஒன்று உண்டு. அவருக்கு இருபது வயதாயிருந்த 1902ஆம் ஆண்டில், பெரெஸ்ஃபோட் என்னும் படப்பிடிப்பாளர் எடுத்தது அது. பக்கவாட்டில் திரும்பிய முகம்; நீண்ட கழுத்து; பின்னே தளர முடிந்த கூந்தல்; இவ்வுலகத்துப் பொருள் எதனையும் நோக்காத கண்கள். நூல்களின் அட்டைகளிலும், தேநீர்க் கோப்பைகளிலும், துணிப்பைகளிலும் இன்றுவரை இப்படமே அச்சாகின்றது. இதனைக் கண்ட எவரும், இப்பெண்மணி ஒருநாளேனும் குசினிக்குள் நின்று மாப் பிசைந்திருப்பார் என்று கனவிலும் கருதார். படத்திலே அவருடைய கைகள் தெரியவில்லை என்பதும் ஒரு காரணமாகலாம்.

நமது கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் கற்கும் மாணவரிடம் இவ்வம்மையாரைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் இரண்டு செய்திகளே விடையாக வரும். ஒன்று, அவர் மனநோயால் வருந்தினார் என்பது. மற்றது, ஆற்றில் இறங்கி உயிர் நீத்தார் என்பது. இரண்டும் உண்மையே. 1941ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆம் திகதி முற்பகலில், சசெக்ஸ் மாகாணத்து ஊஸ் ஆற்றில் அவருடைய வாழ்வு முடிந்தது. ஆயினும், ஐம்பத்தொன்பது ஆண்டுகள் உண்டு, உடுத்து, நடந்து, சிரித்து, நாவல்கள் எழுதி வாழ்ந்த ஒருவரை, ஒரு முற்பகலின் கணக்கிலே எழுதி மூடிவிடுவது நீதியாகாது என்பது எனது அபிப்பிராயம். ஆகவே, இன்று அவருடைய பாணைப் பற்றியும் மோட்டார் வண்டியைப் பற்றியும் எழுத விரும்புகின்றேன். நாவல்களைப் பற்றி எழுதுவோர் வேறு பலர் இருக்கின்றனர்.

முதலிற் பாண். 1919ஆம் ஆண்டிலே, வேர்ஜினியாவும் அவருடைய கணவர் லெனாட் வூல்ஃபும் றொட்மெல் என்னும் சிற்றூரில் ‘மங்ஸ் ஹவுஸ்’ என்ற பழைய வீட்டை ஏலத்தில் 700 பவுணுக்கு வாங்கினர். மின்சாரம் இல்லை, குளிக்கும் அறை இல்லை, வெந்நீர் இல்லை. ‘மிஸிஸ் டலோவே’ முதலிய நூல்கள் விற்ற பணத்தைக் கொண்டே 1926இல் அவ்வீட்டுக்குக் குளியலறையும் வெந்நீரும் வந்தன. ஒரு நாவல் உலகத்துக்கு என்ன செய்தது என்று திறனாய்வாளர் தர்க்கித்துக்கொண்டிருக்க, அந்நாவல் அதன் ஆசிரியைக்கு வெந்நீர் அளித்தது என்பது ஐயத்துக்கு இடமில்லாத செய்தியாகும்.

1934ஆம் ஆண்டில் அவ்வீட்டுக்குச் சமையல் வேலைக்கு வந்தவர் லூயி என்னும் இளம்பெண். வேர்ஜினியா இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் அவர் தம் நினைவுகளைக் கூறினார். அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது பாண் பற்றியது. சமையலில் வல்லவர் என்று எசாமானியை அவர் புகழவில்லை. ஆனால் பாண் போடுவதில் மாத்திரம் அவர் கைதேர்ந்தவர் என்று சாட்சி சொன்னார். மா எவ்வளவு, ஈஸ்ட் எவ்வளவு என்று அளந்து காட்டியதும், பிசையும் முறையைக் கற்பித்ததும் வேர்ஜினியாவே. அதன்பின் எழுதச் சென்றுவிடுவார். முற்பகலில் மூன்று நான்கு தடவை குசினிக்குத் திரும்பி வந்து, பொங்கியிருந்த மாவை மீண்டும் பிசைந்து வைத்துவிட்டுப் போவார். ஈற்றில், பெரிய உருண்டை ஒன்றின்மேற் சிறிய உருண்டை ஒன்றை அமர்த்தி, தலையிற் குடுமி வைத்தாற்போன்ற வடிவிலே பாணை அமைத்து, போறணையில் இட்டு, பதமான சூட்டிலே எடுப்பார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். பாண் மாவின் இயல்பு அறிந்தவர்க்கு, அந்த மூன்று நான்கு வருகைகளின் பொருள் விளங்கும். ஈஸ்ட் என்பது உயிருள்ள பொருள். அது மாவிலுள்ள இனிப்பை உண்டு வாயுவை வெளிவிட, பிசைந்த மாவின் பசைத்தன்மை அவ்வாயுவைத் தன்னுள் அடக்கி வைத்துப் பொங்குகின்றது. பொங்கியதை அமுக்கிப் பிசைந்தால், ஈஸ்ட் புதிய உணவைச் சேர்கின்றது, மாவும் உறுதிப்படுகின்றது. இவற்றுக்கிடையே மனிதர் செய்யத்தக்கது ஒன்றுமில்லை, காத்திருத்தல் ஒன்றே. எழுதுவோனுக்கு இவ்விதமான காத்திருப்பு வாய்ப்பது பெரும்பேறு. எழுத்திலே ஒரு வாக்கியம் முட்டி நிற்கும்போது எழுந்து செல்வதற்கு ஒரு நியாயமான காரணம் வேண்டும்; சும்மா எழுந்தால் மனச்சாட்சி உறுத்தும். மா பொங்கிவிட்டது என்பதைவிட நியாயமான காரணம் வேறு யாது?

அவர் பிறவியிலேயே சமையற்கலை கைவந்தவர் அல்லர். 1914ஆம் ஆண்டில், லண்டனிலே சமையல் வகுப்பொன்றிற் சேர்ந்தார். அங்கே, கொழுப்பும் மாவும் சேர்த்து அவிக்கும் ஒருவகைப் புடிங்கினுள்ளே தமது திருமண மோதிரத்தையும் சேர்த்து அவித்துவிட்டார். இதனைத் தாமே நண்பி ஒருவருக்குக் கடிதத்தில் எழுதிப் பெருமைப்பட்டுக்கொண்டார். நம்மூரில் இப்படி நேர்ந்திருந்தால் மாமியார் அதனை மூன்று தலைமுறைக்குச் சொல்லியிருப்பார்.

1929ஆம் ஆண்டில் றொட்மெல் வீட்டுக்கு மண்ணெண்ணெய் அடுப்பொன்று வந்தது. அதன் வரவை அவர் நாட்குறிப்பிற் கொண்டாடியதைப் படிக்கும்போது, இது என்ன, ஓர் அடுப்புக்கு இத்தனை ஆரவாரமா என்று நமக்குத் தோன்றும். அவர் பிறந்த வகுப்பையும் காலத்தையும் எண்ணிப் பார்த்தால் விளங்கும். அத்தகைய குடும்பத்துப் பெண்கள் தம் வீட்டுக் குசினியிலே விருந்தினரைப்போல நின்றனர். சமையற்காரியின் முகம் கோணினால் அன்றைய உணவும் கோணிற்று. தாமே அடுப்பை மூட்டித் தமக்கு வேண்டியதைச் சமைத்து உண்ணலாம் என்பது அவருக்கு ஒருவகை விடுதலையாயிருந்தது. நம் வீட்டுப் பெண்களுக்கு அடுப்பை விட்டு விலகுவதே விடுதலை. ஒரே அடுப்பு இருவருக்கும் இருவேறு திசைகளைக் காட்டுகின்றது. இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும்: வேலைக்காரரைப் பற்றி அம்மையார் நாட்குறிப்பில் எழுதிய சில பகுதிகள் வாசிப்பதற்கு நல்லனவல்ல. நெல்லி என்ற சமையற்காரியோடு பதினெட்டு ஆண்டுகளாக அவர் நடத்திய மனப்போர், இரு தரப்புக்கும் பெருமை தருவதன்று. பாண் பிசைந்த கைதான் அதனையும் எழுதிற்று.

1927இல் வெளிவந்த ‘கலங்கரை விளக்கத்துக்கு’ என்று பொருள்படும் அவருடைய நாவலில், ஓர் இரவு விருந்து வருகின்றது. மூன்று நாட்களாகப் பக்குவம் செய்யப்பட்ட மாட்டிறைச்சிக் குழம்பு மேசைக்கு வந்து மூடி திறக்கப்படுகின்றது. சைவ உணவினனாகிய நானும் அப்பக்கத்தை வாசிக்கும்போது மூக்கை விரித்தேன் என்றால், எழுத்தின் வல்லமை அத்தகையது. அடுக்களையை மதியாத ஒருவரால் அந்த ஆவியை எழுத இயலாது.

அந்நாவலின் வருவாயிலேதான் மோட்டார் வண்டி வந்தது. 1927 ஜூலை மாதத்தில், பழைய ‘சிங்கர்’ வண்டி ஒன்றை 275 பவுண் கொடுத்து வாங்கினர். சிங்கர் என்றதும் நம் வீட்டு மூலையில் இருக்கும் தையல் இயந்திரத்தை நினைத்தல் வேண்டா. இது கொவென்றி நகரத்தில் துவிச்சக்கரவண்டி செய்து, பின்னர் மோட்டாருக்கு மாறிய வேறொரு சிங்கர். வண்டி வந்த அந்தக் கோடை முழுவதும், நாட்குறிப்பிலும் கடிதங்களிலும் அதன் பேச்சே பேச்சு. அம்மையாரும் ஓட்டப் பழகினார். பழகும்போது ஒருநாள் வண்டியை வேலிப் பற்றைக்குள்ளே செலுத்திவிட்டார். அதன்பின் சாரதி உத்தியோகம் கணவருக்கும், பக்கத்து ஆசனத்திலிருந்து உலகைப் பார்க்கும் உத்தியோகம் மனைவிக்கும் என்று வீட்டிலே தீர்ப்பாயிற்று. இரண்டாவது உத்தியோகமே நாவலுக்கு உகந்தது என்று எனக்குத் தோன்றுகின்றது.

சாரதியாகிய லெனாட் வூல்ஃபை நாம் அந்நியர் என்று கருதுவதற்கில்லை. 1904ஆம் ஆண்டு இறுதியில் இலங்கைக்கு வந்து, 1905 தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரியிலே தம் அரசாங்க உத்தியோகத்தை ஆரம்பித்தவர் அவர். 1907 வரை நமது வெயிலில் நின்று, பின்னர் கண்டிக்கும், அங்கிருந்து அம்பாந்தோட்டைக்கும் மாற்றம் பெற்று, 1911இல் விடுமுறையிற் சென்றவர், உத்தியோகத்தைத் துறந்து 1912இல் வேர்ஜினியாவை மணந்தார். தென்னிலங்கைக் காட்டுக் கிராமத்தைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1913இல் வெளியாயிற்று. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக அவர் எழுதிய அலுவலக நாட்குறிப்புகள் 1960களில் நூலாகவும் வந்தன. நாள்தோறும் நடந்ததை நாள்தோறும் குறித்து வைக்கும் பழக்கம் அந்த வீட்டில் இருவருக்கும் பொதுவானது. தமது வாழ்வின் புறநிலையை மோட்டார் வண்டியைப்போல மாற்றியது வேறெதுவும் இல்லையென்று முதுமையிலே லெனாட் எழுதினார். மாட்டு வண்டியிலும் குதிரையிலும் இலங்கையின் தெருக்களை அளந்த மனிதருடைய கூற்று அது.

1928இல் அந்தச் சிங்கரிலேயே பிரான்ஸ் தேசத்தின் தென்கரைவரை சென்றனர். பின்னர், 1933இல் ‘லான்செஸ்ரர்’ என்ற உயர்ந்த வண்டி வந்தது. அதிலே 1935ஆம் ஆண்டு மே மாதம் ஜேர்மனியினூடாகப் பிரயாணம் செய்தது ஒரு விசித்திரக் கதை. லெனாட் யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. பொன் நகரத்துக்கு அண்மையில், கோயரிங் என்ற நாஜித் தலைவனை வரவேற்பதற்காகத் தெருவின் இருமருங்கும் கொடிகளோடு நின்ற சனத்திரளினூடே இவர்களுடைய வண்டி ஊர்ந்தது. யூதருக்கு எதிரான வாசகங்கள் மேலே தொங்கின. இவர்களைக் காத்தது, கைக்குள் அடங்கத்தக்க ஒரு சிறு குரங்கு. மிற்ஸ் என்று பெயரிட்டு லெனாட் தோளிலே வளர்த்துவந்த அப்பிராணியைக் கண்ட சனங்கள் மகிழ்ந்து ஆரவாரித்து வழிவிட்டனர். மனிதருடைய முகத்தைப் பார்க்க மறந்து குரங்கைக் கொஞ்சிய அந்தக் கூட்டத்தை எண்ணும்போது, சிரிப்பதா அஞ்சுவதா என்று தெரியவில்லை.

மோட்டார் வண்டியின் அருமை நம் குடாநாட்டவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பெற்றோல் கிடையாத யுத்த காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடவிட்ட மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின் ஏ40களையும் கண்டவர் நாம். அவற்றின் புகையிலே வளர்ந்த என் தலைமுறைக்கு, 275 பவுண் சிங்கரைப் பற்றிய குதூகலம் அந்நியமாகத் தோன்றாது.

மற்றொரு பொருளும் அந்த வீட்டில் இருந்தது: அச்சியந்திரம். 1917ஆம் ஆண்டு, 19 பவுண் 5 சிலிங் 6 பென்சுக்குக் கையச்சியந்திரம் ஒன்றும் எழுத்துக்களும் வாங்கினர். அச்சுத்தொழில் கற்பிக்கும் பள்ளியில் இவர்களைச் சேர்க்க மறுத்துவிட்டமையால், சிறு கைநூல் ஒன்றைப் பார்த்துத் தாமே கற்றனர். மனம் களைத்திருந்த வேர்ஜினியாவுக்குப் பிற்பகலிற் கைவேலையாக ஏதேனும் வேண்டும் என்பதும் லெனாட் அதனை வாங்கியதற்கு ஒரு காரணம். எழுத்துக்களைப் பெட்டியிலே வகைப்படுத்தியபோது ‘எச்’ எழுத்தையும் ‘என்’ எழுத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டார் அம்மையார். எனினும் விரைவிற் கைவந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஆளுக்கொரு கதையாக ‘இரண்டு கதைகள்’ என்னும் முதல் வெளியீடு 150 பிரதிகள் வந்தன. அதுவே ‘ஹோகாத் அச்சகம்’. 1922 முதல் அவருடைய நாவல்கள் யாவும் சொந்த அச்சகத்தின் பெயரிலேயே வெளியாயின. பதிப்பாசிரியர் எவருடைய புருவம் உயருமோ என்று அஞ்சாமல் எழுதத்தக்க ஒரே பெண் தாமே என்று அவர் நாட்குறிப்பிற் களித்தார். டி. எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ என்னும் புகழ்பெற்ற கவிதை 1923இல் அங்கே அச்சானபோது, ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக் கோத்தவர் இந்த அம்மையாரே. பாண் பிசைந்த விரல்களுக்கு ஈய எழுத்தும் பழக்கமாயிற்று.

இனி, ஐந்நூறு பவுண் விஷயம். பெண்ணொருத்தி நாவல் எழுத வேண்டுமாயின் அவளுக்கு ஆண்டுக்கு 500 பவுண் வருமானமும், தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்று வேர்ஜினியா வாதித்த நூல் 1929இல் வெளிவந்தது. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னர், துப்பறியும் நவீனங்கள் எழுதிய அகதா கிறிஸ்டி அம்மையாருக்கு, அவருடைய கதையொன்றைத் தொடராக வெளியிடுவதற்கு லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்று அதே 500 பவுணைக் கொடுத்தது. அவர் அறை கட்டவில்லை. சாம்பல் நிறத்தில், போத்தல் மூக்குப்போன்ற முன்பகுதியுடைய ‘மொறிஸ் கௌலி’ கார் வாங்கினார். எழுதுவதற்கென்று தனி அறை நெடுங்காலம் அவருக்கு இருக்கவில்லை. உறுதியான மேசையொன்றும் தட்டச்சு இயந்திரமும் போதும். உணவு வேளைகளுக்கிடையே சாப்பாட்டு மேசையிலும் எழுதினார். தொழில் யாது என்று கேட்கும் படிவங்களில் ‘திருமணமான பெண்’ என்றே நிரப்பினார். அவர் விட்டுச்சென்ற 73 குறிப்புக் கொப்பிகளில், யார் யாரைக் கொன்றார் என்பதும், நத்தாருக்கு யாருக்கு என்ன பரிசு வாங்குவது என்பதும் அருகருகே கிடக்கின்றன.

அறை வேண்டும் என்ற வேர்ஜினியாவின் வாதத்தை நான் மறுக்கவில்லை. திறமையுள்ள மாணவிகள் பலர் திருமணத்தின்பின் ஒரு வரியேனும் எழுதாமற் போனதைக் கண்டுவரும் ஆசிரியன் அதனை எங்ஙனம் மறுப்பான்? ‘எழுத நேரமில்லை சேர்’ என்று தெருவிலே குழந்தையோடு நின்று சிரிப்பார்கள்; அந்தச் சிரிப்பு எனக்கு உவப்பானதன்று. ஆனால், அறை கிடைக்கும்வரை எழுதாதிருப்போம் என்று எவரும் முடிவு செய்துவிடக்கூடாது என்பதற்காகவே கிறிஸ்டியின் சாப்பாட்டு மேசையையும் கூடவே சொல்கின்றேன்.

வேர்ஜினியாவின் எழுத்துக்களுள், அறையே தேவைப்படாத ஒன்று உண்டு. அது அவருடைய நாட்குறிப்பு. பெரும்பாலும் மாலைத் தேநீருக்குப் பின் கிடைக்கும் அரைமணி நேரத்தில், திருத்தாமல், திரும்பிப் பாராமல் எழுதியது. 1915இல் தொடங்கிச் சிறிது தடைப்பட்டு, 1917 முதல் இறக்கும்வரை தொடர்ந்தது. 1977க்கும் 1984க்கும் இடையே ஐந்து தொகுதிகளாக அச்சாயிற்று. அதிலே யார் தேநீருக்கு வந்தார், என்ன வதந்தி சொன்னார், நாய் என்ன செய்தது, எந்த விமர்சனம் நெஞ்சைச் சுட்டது என்பனவெல்லாம் உண்டு. அவருடைய நாவல்களைப் படித்துக் களைத்துப்போன மாணவருக்கு நான் இதனையே கொடுப்பது வழக்கம். மறுவாரம் வந்து நாவலைக் கேட்பார்கள்.

1940ஆம் ஆண்டு செப்ரெம்பரிலும் ஒக்ரோபரிலும், லண்டனில் அவர்களுடைய வீடுகள் இரண்டையும் ஜேர்மானியக் குண்டுகள் பிடித்தன. நெடுங்காலம் வாழ்ந்த ரவிஸ்ரொக் சதுக்கத்து வீடு மண்மேடாயிற்று. மெக்லன்பேர்க் சதுக்கத்து வீடு சிதைந்து, புத்தகங்களும் கண்ணாடித் துண்டுகளும் தரையெங்கும் பரந்து கிடந்தன. அந்தப் புழுதிக்குள்ளே இறங்கி அவர் தேடியவை தம் நாட்குறிப்புகளையே. இருபத்துநான்கு கொப்பிகளை மீட்டுக்கொண்டு றொட்மெல்லுக்குத் திரும்பினார்.

இந்த இடத்தை வாசிக்குந்தோறும் எனக்கு 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு நினைவுக்கு வருகின்றது. வலிகாமத்துச் சனங்கள் முழுவதும் ஒரே இரவிற் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்த அந்த இரவை, நம் வாசகர் பலர் தம் காலாலேயே அறிவர். அப்போது எனக்குப் பதினைந்து வயது. ஆளுக்கொரு பை என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மாவின் பையில் காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், சேலை இரண்டு, அரிசி சிறிது. அவற்றின் அடியிலே நீல அட்டைக் கொப்பி ஒன்று. நாவற்குழிப் பாலத்தடியில் நெரிசல்பட்டு நின்றபோது, பாரம் குறைப்பதற்காக அப்பா பையைத் திறந்து அதனைக் கண்டார். ‘இதென்ன?’ என்றார். ‘கணக்குக் கொப்பி’ என்றார் அம்மா. ‘கணக்குப் பார்க்கிற நேரமே இது?’ என்று அப்பா அதனை வெளியே எடுக்க, அம்மா ஒன்றும் பேசாமல் வாங்கிச் சட்டைக்குள்ளே செருகிக்கொண்டு நடந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

அந்தக் கொப்பியை நான் வாசித்தது வெகுகாலத்துக்குப் பின். கணக்குத்தான், ஐயமில்லை. மண்ணெண்ணெய் ஒரு போத்தல், சீனி காற்கிலோ, சவர்க்காரம் ஒன்று, விலைகள் அருகிலே. ஆனால், பக்கத்தின் கீழ்ப்பாதியில் வேறொன்று இருந்தது. கிணற்றடியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது, அவர்கள் பேசியபடியே. மகனைத் தேடித் திரிந்த அயல்வீட்டுக்காரி வந்து அழாமல் இருந்துவிட்டுப் போன ஒரு பிற்பகல். ஆடு குட்டி ஈன்ற இரவு, செல் விழுந்த சத்தத்தில் தாயாடு மிரண்டது. எட்டாம் வகுப்புக்குமேற் படிக்க வாய்க்காத என் தாயார் இவற்றைக் கதை என்று சொன்னதில்லை. எவருக்கும் காட்டியதுமில்லை. ஏன் எழுதினீர்கள் என்று நான் கேட்டபோது, ‘கணக்கு எழுதின பிறகு மிச்சம் இடம் கிடந்தது, தம்பி’ என்றார். அறையுமில்லை, 500 பவுணுமில்லை, பக்கத்திலே மிச்சம் இடம் கிடந்தது.

வேர்ஜினியா இறப்பதற்கு இருபது நாட்களுக்கு முன், 1941 மார்ச் 8ஆம் திகதி எழுதிய குறிப்பு மிகவும் பேசப்படுவது. அன்று இரவுணவுக்கு மீனும் சொசேஜ் இறைச்சியும் சமைக்க வேண்டியிருந்தது. பங்கீட்டுக் காலம், வெண்ணெய் கிடைப்பதே அபூர்வம். சிலமாதம் முன்னர் சிநேகிதியொருவர் பண்ணையிலிருந்து வெண்ணெய் அனுப்பியபோது, மகாராணி விக்டோரியாவுக்குத்தான் அதற்கு ஏற்றபடி நன்றி கூறத் தெரியும் என்ற பாவனையிற் குதூகலமாகக் கடிதம் எழுதியவர் அவர். இப்போதோ மனம் இருண்டு வருகின்றது. அவருக்கே அது தெரிகின்றது. அந்நிலையில், மீனையும் இறைச்சியையும் எழுதி வைப்பதனால் அவற்றின்மேல் ஒரு பிடி கிடைக்கின்றது என்ற கருத்தைக் குறிக்கின்றார். அந்தப் பிடி அவரைக் காக்கப் போதவில்லை என்பதை நாம் அறிவோம். அதனால் அந்தப் பிடி பொய்யென்று ஆகிவிடாது. பல ஆண்டுகளாக, பாண் மாவிலும், ஈய எழுத்திலும், வண்டியின் பக்கத்து ஆசனத்திலும் அவர் அதனைப் பற்றிக்கொண்டே ஒன்பது நாவல்களை எழுதினார் என்பதை, மாணவர்கள் தம் விடைத்தாளில் ஒரு வரியேனும் எழுத வேண்டும் என்பது என் ஆசை.

சென்ற மாதம், லூயியின் நினைவுகளில் வரும் பாண் பகுதியை அம்மாவுக்குத் தமிழிலே சொல்லிக் காட்டினேன். அவருக்கு இப்போது எழுபத்துமூன்று வயது. கண்ணிற் சத்திர சிகிச்சை செய்த பிறகு கொப்பி எழுதுவது குறைவு. நாவல்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ‘அந்த மனிசி மாவை என்னத்தை விட்டுப் புளிக்க வைச்சவ? கள்ளோ?’ என்று கேட்டார். நம்மூர் அப்ப மாவுக்குக் கள்ளு விடும் வழக்கத்தை நினைத்து எழுந்த கேள்வி. ஈஸ்ட் என்றேன். ‘அப்ப நாலுதரம் பிசைஞ்சால் மெதுவாத்தான் வரும்’ என்று தலையசைத்தார்.

மறுநாள் மேசையில் இருந்த கொப்பியிலே, பால் ஒன்று, மா ஒரு கிலோ, ஈஸ்ட் ஒரு பைக்கற்று என்று எழுதியிருந்தது. முதற் பாண் அடியிலே கருகிற்று. இரண்டாவது நன்றாகவே வந்தது. குடுமி மாத்திரம் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அயல்வீட்டுக்கும் பாதி போயிற்று.